நீல் என்றால் நில் அல்ல

போன மாதம் அம்மாவின் முழங்கால் வலிக்காக பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் சீன டாக்டர் திரும்பி, "ஆண்ட்டி, நீ பிராப்ளம்" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. "பேரன் வயசு இருக்கும், என்னைப் போயி நீங்கிறானே" என்று என் காதைக் கடித்தார். ஆங்கிலத்தில் முழங்காலுக்குப் பெயரே 'நீ'தான் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதற்குள் டாக்டர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இனிமேல் 'நீல்' பண்ணவே கூடாதாம். நான் மொழிபெயர்த்தேன்: "மண்டி போடக் கூடாதாம்மா."

"நான் எப்படா மண்டி போட்டேன்?"

நியாயமான கேள்வி. அம்மா குந்தியிருக்கிறார், சம்மணம் போட்டிருக்கிறார், ஒரு காலை மடக்கி மறுகாலைக் குத்துக்காலிட்டு அம்மியில் அரைத்திருக்கிறார், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் விழுந்து கும்பிட்டிருக்கிறார். மண்டி போட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. டாக்டர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இவற்றில் எது அடங்கும், எது அடங்காது? வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், கேட்காமலே வந்துவிட்டோம். மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவன் என்பதால் அந்தச் சொல் மட்டும் என்னை விடுவதாயில்லை.

அதோடு எனக்குப் பழைய கணக்கும் ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது எங்களைப் புகுமுக வகுப்பில் உட்காரவைத்தார்கள். ரிமூவ் கிளாஸ் என்றால்தான் எங்கள் காலத்து ஆட்களுக்குப் புரியும். முதல் வாரமே வீட்டுப்பாடம் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் கையைக் காட்டி, 'நீல்' என்றார். எனக்கு 'நில்' என்று கேட்டது. போய் நின்றேன். இன்னும் சத்தமாக, 'நீல்!' நான் இன்னும் விறைப்பாக நின்றேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது முறை அவர் முகம் சிவந்தபோது, முன்வரிசை மலாய்ப் பையன் ஒருவன் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி "லுத்துட், லுத்துட்" என்று கிசுகிசுத்தான். அப்போதுதான் விழுந்தேன். திமிரில் நின்றேன் என்று அந்த வாத்தியார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

கேட்பதற்கு இப்படிக் குழப்புகிற சொல், எழுதினால் வேறு மாதிரி இருக்கும். முன்னால் ஒரு 'கே' எழுத்து ஊமையாக உட்கார்ந்திருக்கும். அது வேண்டாத எழுத்தல்ல, ஒரு காலத்தில் வாய் நிறைய உச்சரிக்கப்பட்டது. பழைய ஆங்கிலத்தில் முழங்காலை 'க்நேயோ' என்பது போலச் சொன்னார்கள். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர்கள் அந்த 'க்'கை விழுங்கிவிட்டார்கள், எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் இன்றைக்கும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். இதே சொல்லின் உறவுக்காரர்கள் லத்தீனில் 'கெனு', கிரேக்கத்தில் 'கோனு', சமஸ்கிருதத்தில் 'ஜானு'. கடைசி ஆளை நமக்குத் தெரியும். வாட்டசாட்டமான ஆளை 'ஆஜானுபாகு' என்கிறோமே, கை முழங்கால்வரை நீண்டவன் என்று பொருள். அந்த ஜானுவும் டாக்டர் சொன்ன 'நீ'யும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பெயர்ச்சொல்லோடு பழைய ஆங்கிலத்தில் ஒரு 'ல்' ஒட்டி வினையாக்கினார்கள். நீ, நீல். அவ்வளவுதான் இலக்கணம். இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: 'நெல்ட்', 'நீல்ட்'. என் மாணவர்களில் பாதிப் பேர் இரண்டாவதை எழுதிவிட்டு, தப்பு என்று தாங்களே அடித்துவிடுவார்கள். உண்மையில் மூத்தது அதுதான். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் இருப்பது 'நீல்ட்'. 'ஃபீல்' என்பதற்கு 'ஃபெல்ட்' வருவதைப் பார்த்து 'நெல்ட்' பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றும் நம் நாட்டில் 'நெல்ட்' என்று எழுதுவது பாதுகாப்பு. அமெரிக்கர்கள் இரண்டையும் எழுதுவார்கள். இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை.

பொருளில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு முழங்காலோ இரண்டுமோ தரையில் ஊன்றி உடம்பின் பாரத்தைத் தாங்கினால் அது 'நீல்'. யாருக்காக, எதற்காக என்ற கேள்வி அந்த வினைக்குள் இல்லை. தேவாலயத்தில் பக்தர் செய்வதும் அதுதான், கார் டயர் மாற்றுகிறவர் செய்வதும் அதுதான். ஒட்டகம் செய்வதும் அதுதான். வயதானவர்கள் ஏறுவதற்காக நடைபாதைப் பக்கம் சரிந்து இறங்கிக்கொடுக்கும் தாழ்தளப் பேருந்துகள் உண்டல்லவா, அதையும் ஆங்கிலத்தில் பேருந்து 'நீல்' செய்கிறது என்பார்கள். மரியாதையா, அடிமைத்தனமா, வேலையா என்பதை வினைக்குப் பின்னால் வரும் ஒட்டுச்சொல் பார்த்துக்கொள்ளும். 'பிஃபோர்' அல்லது 'டு' வந்தால் எதிரில் உயர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். 'பிசைட்' வந்தால் பக்கத்தில் யாரோ விழுந்து கிடக்கிறார்கள், உதவப் போயிருக்கிறார்கள். 'ஆன்' வந்தால் எதன்மேல் பாரம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த 'ஆன்' பற்றி பிறகு சொல்கிறேன்.

இன்னொரு நுணுக்கம், மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம். இறங்குகிற அசைவுக்கும் இறங்கியபின் இருக்கும் நிலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். கல்லறை முன்னால் அவள் 'நெல்ட்' என்று மட்டும் இருந்தால், இப்போதுதான் முழங்காலிட்டாளா, முன்பே முழங்காலில் இருந்தாளா என்று அந்த ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. தமிழ் இந்த மழுப்பலை அனுமதிக்காது. மண்டியிட்டாள், மண்டியிட்டிருந்தாள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் 'டவுன்' சேர்த்துக்கொண்டால் அசைவின் பக்கம் சாயும், அதனால் அதை வெறும் ஒட்டுவால் என்று நினைக்க வேண்டாம். பிறவினையும் கிடையாது. வாத்தியார் முட்டி போடவைத்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, வாத்தியார் என்னை 'நெல்ட்' என்று எழுதும் பிள்ளைகளை நான் வருடத்துக்கு நாலு பேரையாவது பார்க்கிறேன். ஆங்கிலத்தில் யாரும் யாரையும் நேராக 'நீல்' செய்ய முடியாது, 'மேக்' என்ற துணை வேண்டும்.

நம் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். முழங்காலுக்கே நமக்கு ஒரு சொல் இல்லை: முழங்கால், முழந்தாள், முட்டி, மண்டி. பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தை நீட்டி அளக்கிறாரே அந்த முழம், முழங்கை, முழங்கால் எல்லாம் ஒரே வேர், மடங்கும் மூட்டைக் குறிப்பது. கையிலும் காலிலும் மடங்கும் இடத்தை ஆங்கிலம் இரண்டு அந்நியர்களாகப் பார்க்கிறது, தமிழ் ஒரு சோடியாகப் பார்க்கிறது. மண்டி வேறு குடும்பம். கன்னடத்தில் முழங்காலின் பெயரே மண்டிதான். தமிழில் மண்டி என்றதும் அரிசி மண்டியும் பாத்திரத்தின் அடியில் தங்கும் கசடும்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பரதம் கற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். அரைமண்டியில் அரை மணி நேரம் நின்ற தொடைவலியோடு அந்தச் சொல் அவர்கள் உடம்பில் பதிந்திருக்கும். முழுமண்டி, மண்டி அடவு என்று அங்கே அது துல்லியமான கலைச்சொல். அவமானத்தின் வாடையே அதில் கிடையாது.

நடன வகுப்பை விட்டு வெளியே வந்ததும் அதே சொல் முறுக்கிக்கொள்கிறது. 'மண்டியிட்டது' என்று தலைப்பைப் பார்த்தால் எந்த அணி தோற்றது, எந்த அரசாங்கம் பணிந்தது என்றுதான் படிக்கத் தொடங்குவோம். மலாய்க்காரர்களின் 'பெர்தெக்குக் லுத்துட்'டும் இதே குணம் உடையது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் முழங்கால் மடித்தல், பொருள் சரணடைதல். ஆக ஒரே உடல்நிலைக்கு நம்மிடம் இடத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. கோயில் பிராகாரத்தில் பொதுவாக இல்லை, மாதா கோயிலில் முழந்தாளிடு, அரசியலில் மண்டியிடு, பள்ளிக்கூடத்தில் முட்டி போடு. யாழ்ப்பாணத்து வழக்கில் தண்டனைக்குப் பெயர் 'முழங்காலில் நில்'. கோலாலம்பூர் பக்கம் யாழ்ப்பாண வம்சாவளி நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது எனக்குப் பழைய வகுப்பறை ஞாபகம் வந்தது. அவர் ஊர்க் கணக்குப்படி நான் பாதி சரியாகத்தான் செய்திருக்கிறேன், முழங்காலில் நிற்பதற்குப் பதில் பாதத்தில் நின்றுவிட்டேன்.

ஆங்கிலம் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. தமிழ் எவன் யாருக்குக் கீழே என்று சொல்கிறது. இந்த வித்தியாசம் 2016-இல் பெரிய அளவில் பல்லிளித்தது. சான் பிரான்சிஸ்கோவின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக், கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து, அமெரிக்கத் தேசியகீதம் பாடும்போது முதலில் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தார். இராணுவத்தை அவமதிக்கிறார் என்று கண்டனம் கிளம்பியது. முன்னாள் சிறப்புப் படை வீரரான நேட் போயர் அவரைச் சந்தித்துப் பேசினார். உட்காருவதைவிட முழங்காலிடுவது மேல், வீரர்கள் மடிந்த தோழனின் கல்லறை முன்னால் அப்படித்தான் இருப்பார்கள் என்பது அவர் யோசனை. செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் கேப்பர்னிக் ஒரு முழங்காலை ஊன்றினார். உட்காருவதற்கும் நிற்பதற்கும் நடுவில் மரியாதையும் மறுப்பும் சேர்ந்த ஒரு நிலை அவருக்குத் தேவைப்பட்டது, இந்த உடல்நிலை அதைக் கொடுத்தது. பெயர் 'டேக் எ நீ'. அமெரிக்கக் கால்பந்தில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் மற்றவர்கள் ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருக்கும் வழக்கம் முன்பே இருந்தது, சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். 2020-இல் இங்கிலாந்துப் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் செய்தபோது 'எ' போய் 'த' வந்தது. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது.

இதைத் தமிழில் 'மண்டியிட்டுப் போராட்டம்' என்று எழுதினால் என்ன ஆகும்? மண்டியிட்டவன் எப்படிப் போராடுவான்? வாக்கியம் தன் காலையே தட்டிவிட்டுக்கொள்கிறது. 'ஒற்றை முழங்காலை ஊன்றி எதிர்ப்பு' என்று நீட்டி எழுதுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அழகில்லை, ஆனால் பொய்யில்லை.

அந்த 2020 போராட்டங்களுக்குக் காரணமான சம்பவத்தில் அதே வினை எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் டெரிக் சோவின் என்ற போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை வைத்து அழுத்தினார். ஆங்கிலச் செய்திகள் இதையும் 'நெல்ட் ஆன்' என்றே எழுதின. கொன்றவன் செய்ததும் அதைக் கண்டித்தவர்கள் செய்ததும் ஒரே வினை, நடுவில் ஒரு 'ஆன்' மட்டும் வித்தியாசம். தமிழில் இதற்கு மண்டியிடு என்ற சொல்லை எழுத எவருக்கும் கை வராது. கழுத்தை முழங்காலால் நெரித்தான் என்போம். ஆங்கிலம் சொல்லாமல் விட்டதைத் தமிழ் சொல்லிவிடுகிறது. அதனாலேயே, ஒரே உடலசைவை இரு தரப்பும் செய்ததில் இருந்த கசப்பான எதிரொலி தமிழில் காணாமல் போய்விடுகிறது. எது இலாபம், எது நட்டம் என்று எனக்குத் தீர்மானமில்லை.

1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில் யூதர்களின் நினைவுச் சின்னத்தின் முன் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் திடீரென்று முழங்காலிட்டார். அங்கே மட்டும் 'மண்டியிட்டார்' என்று தயங்காமல் எழுதலாம், ஒரு நாட்டின் குற்றம் தலைகுனிந்த இடம் அது. ஜெர்மானியர்கள் அந்தச் சம்பவத்தையே 'க்னீஃபால்' என்று அழைக்கிறார்கள். அந்த 'க்' அங்கே ஊமையில்லை.

ஒரு காலா இரண்டு காலா என்பதற்காக இராஜதந்திரமே தடுமாறியிருக்கிறது. 1793-இல் சீனப் பேரரசர் சியான்லுங்கைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றியைத் தரையில் முட்டும் வணக்கத்தைச் செய்ய மறுத்தார். என் சொந்த ராஜாவுக்கு என்ன செய்வேனோ அதைத்தான் செய்வேன் என்று ஒரு முழங்காலோடு நிறுத்திக்கொண்டார். பினாங்கில் சீனக் கல்யாணத்துக்குப் போயிருந்தால் மணமக்கள் இரண்டு முழங்காலையும் மெத்தையில் ஊன்றிப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது தோல்வியுமில்லை, கெஞ்சலுமில்லை. நாம் காலில் விழுகிற இடத்தில் அவர்கள் முழங்காலோடு நிற்கிறார்கள்.

வழிபாட்டிலும் இதே கதைதான். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஜூலைத் திருவிழாவின்போது தமிழ்ப் பூசைக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் நற்கருணைப் பேழையை நோக்கி வலது முழங்காலைத் தரையில் தொட்டுவிட்டு எழுகிறவர்கள் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் தனி வினை, 'ஜெனுஃபிளெக்ட்'. லத்தீன் 'கெனு' அதற்குள் அப்படியே இருக்கிறது. பெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்திருக்கும் பலகையை இறக்கி இரண்டு முழங்காலையும் ஊன்றி இருப்பதுதான் 'நீல்'. இரண்டையும் ஒன்றாக்கிவிடும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். முழங்காலிடுவதே பக்தியின் உச்சம் என்றும் சொல்ல முடியாது. 325-இல் கூடிய நிசேயா சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலிடாமல் நின்றுகொண்டே செபிக்கும்படி விதித்தது. இந்தியாவில் 1969-இல் வத்திக்கான் அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில், முழங்காலுக்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம் என்பதும் ஒன்று.

பிட் தெரு பக்கம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையை ஆங்கிலப் பத்திரிகைகள் படத்தோடு போட்டு 'நீல் இன் பிரேயர்' என்று கீழே எழுதுவது வழக்கம். தமிழ் முஸ்லிம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். அது சஜ்தா, சிரம் பணிதல். நெற்றியும் மூக்கும் சேர்ந்து ஒன்று, உள்ளங்கை இரண்டு, முழங்கால் இரண்டு, பாத விரல்கள் இரு பக்கமும், ஆக ஏழு உறுப்பு தரையில் பட வேண்டும். தண்ணீர்மலையில் பெண்கள் செய்யும் பஞ்சாங்க வணக்கத்தில் தலை, கைகள், முழந்தாள்கள் என்று ஐந்து. ஆண்களின் சாஷ்டாங்கத்தில் எட்டு. ஐந்தோ ஏழோ எட்டோ, எல்லாவற்றிலும் முழங்கால் உண்டு. ஆனால் அது போகிற வழியில் உள்ள ஒரு நிறுத்தம், வண்டி அங்கேயே நிற்பதில்லை. அதனால்தான் எனக்குத் தோன்றுகிறது, முழங்காலோடு நின்றுவிடுகிற ஒரு வினை நமக்கு அன்றாடத்தில் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டபோது தண்டனையிலிருந்தும் போர்க்களத்திலிருந்தும் கடன் வாங்கிக்கொண்டோம்.

வேலையிலும் அப்படித்தான். ரப்பர்த் தோட்டத்தில் பாட்டி பால்மரம் வெட்டும்போது வெட்டு தரையோடு தாழ்ந்திருந்தால் குந்துவார், முழங்காலை மண்ணில் வைக்க மாட்டார். ஆங்கிலக் கதையில் தோட்டக்காரி 'நீல்' செய்து களை பிடுங்கினாள் என்று வந்தால், தமிழில் குத்தவைத்துக் களை எடுத்தாள் என்று எழுதத்தான் என் கை போகும். அகராதிப்படி தப்பு. அந்த வேலையை யார் எப்படிச் செய்வார்கள் என்ற கணக்குப்படி சரி. டாக்டரிடம் இரண்டாம் முறை போனபோது கேட்டுவிட்டேன், குந்துவதும் கூடாதாம். அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்குவாட்' என்று வேறு வினை, அவர் முதல் நாள் அதைச் சொல்லவே இல்லை. அம்மா இப்போது கோலம் போடுவதை மருமகளிடம் விட்டுவிட்டார்.

முழங்கால் என்ற பெயர்ச்சொல்லே வினையாகவும் வரும், அது வன்முறை. ஒருவனை முழங்காலால் ஓங்கி இடிப்பது, பெரும்பாலும் இடிக்கக் கூடாத இடத்தில். இறந்தகாலத்தில் அது 'நீட்' என்று ஒலிக்கும். மாவு பிசைவதும் ஒலியில் 'நீட்', தேவை என்பதும் 'நீட்'. ரொட்டி சானாய் போடும் தன் மாமாவைப் பற்றிக் கட்டுரை எழுதிய மாணவன் ஒருவன், மாமா தினமும் காலையில் மாவை முழங்காலால் இடித்ததாக எழுதிவைத்திருந்தான். அந்தக் கடையில் நான் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

போன சனிக்கிழமை சித்தி மகனின் கல்யாணத்துக்கு முன்னோட்டப் படம் எடுக்க பாடாங் கோட்டா லாமா போயிருந்தோம். கடலோரம், சாயங்கால வெளிச்சம், பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. சீனப் புகைப்படக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து "பாஸ், நீல், நீல்" என்றார். தம்பி பவ்யமாக இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினான். புகைப்படக்காரர் தலையிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஒன் ஒன்லி லா பாஸ்! டூ மீன்ஸ் சாரி!" பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணில் மை கலைந்துவிட்டது. ஒரு காலைத் தூக்கலாம் என்று பார்த்தால் வேட்டி நுனி மறுமுழங்காலுக்கு அடியில் மாட்டியிருக்கிறது. நானும் புகைப்படக்காரரின் உதவியாளும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிவிட்டோம்.